குழாய்ச் சத்தம்

குளியலறைக்குள் போனதும் லோகநாதன் முதலில் குழாயைத் திறந்துவிடுவார். பக்கெட்டில் விழுந்தால் சத்தம் போதாதென்று பக்கெட்டை ஓரமாக நகர்த்திவிட்டு, தண்ணீர் தரையிலேயே கொட்டும்படி விடுவார். அதற்குப் பிறகுதான் சுவரில் ஒரு கையை ஊன்றிக்கொண்டு நிற்பார்.

தண்ணீர் விழும் சத்தம் காதில் பட்டால் உடம்பு கொஞ்சம் இளகும், அடைத்துக்கொண்டிருக்கும் மூத்திரம் நூல்போல வரத் தொடங்கும் என்று ஆஸ்பத்திரியில் பக்கத்துப் படுக்கைக்காரர் சொல்லிக் கொடுத்திருந்தார். அது ஒரு காரணம். இன்னொரு காரணம் கதவு. அது மெல்லிய பிளாஸ்டிக் கதவு, அதற்கு வெளியே கூடம். கூடத்தில் அவர் மனைவி தாட்சாயிணி கீரை ஆய்ந்துகொண்டோ தொலைக்காட்சி பார்த்துக்கொண்டோ உட்கார்ந்திருப்பாள். இத்தனை நேரம் உள்ளே நிற்கிற மனுஷனிடமிருந்து சொட்டுச் சொட்டாகத்தான் சத்தம் வருகிறது என்று அவளுக்குத் தெரியக் கூடாது. குழாய் கொட்டினால் அது ஒன்றும் வெளியே கேட்காது.

போன தீபாவளி கழிந்த கையோடு அவருக்குப் புராஸ்டேட் ஆபரேஷன் நடந்தது. வயிற்றைக் கிழிக்கவில்லை. மூத்திரம் வரும் வழியாகவே கருவியை உள்ளே விட்டு, வீங்கியிருந்த சதையைச் சுரண்டி எடுத்தார்கள். செருகியிருந்த குழாயை உருவிய பிறகு, பல வருஷமாக மறந்துபோயிருந்த வேகம் திரும்பி வந்தது. லோகநாதனால் அந்தச் சந்தோஷத்தை மனசுக்குள் வைத்துக்கொண்டிருக்க முடியவில்லை. கோவில்பதாகை ஏரிக்கரைப் பக்கம் டீக்கடையில் சிநேகிதன் பரந்தாமனைப் பிடித்து, "இருவது வயசு பையன் மாரி போவுது மாமே. நீயும் போயி பண்ணிக்கோ. இன்னாத்துக்கு பயந்துகினு கீற? நான் இல்ல?" என்றார். கேட்டவனுக்கும் சொன்னார், கேட்காதவனுக்கும் சொன்னார்.

பொங்கல் முடிந்ததும் வேகம் குறைந்தது. பிறகு மெலிந்தது. பிறகு இரண்டாகப் பிரிந்து காலில் தெறித்தது. பரந்தாமன் மட்டும் ஒவ்வொரு நாளும் டீ கிளாஸைக் கையில் வைத்துக்கொண்டு, "இன்னாடா, இன்னும் வெள்ளந்தானா?" என்று கேட்பான்.

"வெள்ளந்தான்" என்பார் லோகநாதன். சொல்லிவிட்டு பெஞ்சில் ஒரு பக்கமாகச் சாய்ந்து உட்காருவார். அடிவயிறு கல்லாகக் கனக்கும்.

உள்ளே புண் ஆறும்போது தழும்பு விழுந்து வழி குறுகலாம், ஓட்டம் மெலிந்தால் உடனே வாருங்கள் என்று டாக்டர் அனுப்பும்போதே சொல்லியிருந்தார். லோகநாதன் போகவில்லை. மொபெட் ஓட்டக்கூடாது என்று சொல்லியிருந்த நாட்களிலேயே, தெம்பாக இருக்கிறேன் என்று நாலு பேருக்குக் காட்ட, ஆவடி மார்க்கெட் வரை ஓட்டிப்போனவர் அவர். தழும்பு அதனால்தான் விழுந்தது, டாக்டர் பார்த்ததுமே கண்டுபிடித்துவிடுவார் என்று நினைத்தார். அதைவிடப் பெரிய பயம் அந்தப் பை. ஆபரேஷன் முடிந்து படுத்திருந்தபோது, கட்டில் ஓரத்தில் மூத்திரப் பை தொங்கியது. அதன்மேல் துண்டு போட்டு மூடி வைத்திருந்தார். மகளின் மாமியார் பொன்னியம்மா ஆரஞ்சுப் பழத்தோடு பார்க்க வந்த நேரம் பார்த்துத் துண்டு நழுவி விழுந்தது. அந்த அம்மாள் பையைப் பார்த்தார். உடனே தலையைத் தூக்கி மின்விசிறியைப் பார்த்தார். கிளம்பும்வரை மின்விசிறியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

மறுபடியும் அந்தப் பையா? அதற்குக் குழாயைத் திறந்துவிட்டு நிற்பது எவ்வளவோ மேல். வாழைத்தண்டுச் சாறு குடித்தார், பார்லி குடித்தார். நெருஞ்சிமுள் கஷாயமும் குடித்துப் பார்த்தார். குழாய் திறந்திருக்கும் நேரம்தான் நாளுக்கு நாள் நீண்டது.

வெயில் காலம் வந்தது. மொட்டை மாடி டேங்க் மதியத்துக்குள் காலியாகத் தொடங்கியது.

அது லோகநாதன் சொந்தமாகக் கட்டிய வீடு. அப்பன் பாட்டன் பயிர் வைத்த நிலத்தில் மனை பிரித்தபோது ஒன்றைத் தனக்கென்று நிறுத்திக்கொண்டு கட்டினார். மாடியில் அவர்கள் குடும்பம். கீழே வாடகைக்கு பஷீர் அகமது குடும்பம். பஷீருக்கு ஆவடி மார்க்கெட்டில் மெத்தை தைக்கும் கடை. மனைவி சைனம்பு, பள்ளிக்கூடம் போகும் இரண்டு பிள்ளைகள். போர் தண்ணீர் உப்பாகிவிட்டதால் லாரித் தண்ணீரைத் தரைத்தொட்டியில் வாங்கி, மோட்டார் போட்டு டேங்கில் ஏற்றுவார்கள். இரண்டு குடும்பத்துக்கும் அந்த ஒரு டேங்க்தான்.

மகன் லோகேஷ் ஏணி வைத்து ஏறிப் பார்த்தான். கசிவு இல்லை. பிளம்பர் வந்து மிதவையைத் தட்டிப் பார்த்துவிட்டு, "ஓட்டை ஒண்ணும் இல்ல சார். யாரோ தண்ணிய உட்றாங்கோ" என்று சொல்லிப் போனார்.

அன்று சாயங்காலம் லோகநாதன் உள்ளே நின்றுகொண்டிருந்தார். குழாய் கொட்டிக்கொண்டிருந்தது. கதவுக்கு அந்தப் பக்கம் தாட்சாயிணியின் குரல் தண்ணீர்ச் சத்தத்தையும் மீறிக் கேட்டது.

"யாரோன்னு இன்னாடா யாரோ? கீழ் ஊட்ல அஞ்சு வேளையும் கைய கால கழுவிகினே கீறாங்க. வாய கொப்பளிக்கறாங்க, மூஞ்சிய கழுவறாங்க. தண்ணி தீராம இன்னா பண்ணும்?"

"அதுக்கு டாங்கே காலியாவுமாம்மா?"

"பின்ன நானும் நீயுமா குடிச்சித் தீத்துட்டோம்? உங்க நைனா கூட இப்பல்லாம் தண்ணியே குடிக்க மாட்டேங்கறாரு."

லோகநாதன் கை குழாயின் திருகுக்குப் போனது. பாதி மூடினார். நூல் நின்றுபோனது. அடிவயிறு பிடித்து இழுத்தது. மறுபடி முழுதாகத் திறந்துவிட்டார். காலடியில் தண்ணீர் சுழன்று ஜலதாரைக்குள் இறங்குவதைப் பார்த்தபடி நின்றார். முகம் எரிந்தது. வெளியே வந்தபோது தாட்சாயிணி, "நான் சொல்றது கரீட்டா இல்லியா, நீங்களே சொல்லுங்க" என்றாள்.

"எனக்கு இன்னா தெரியும்?" என்று சொல்லிவிட்டுத் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். துடைத்து முடித்தும் துண்டை முகத்திலிருந்து எடுக்கவில்லை.

மறுநாள் அவள் கீழே இறங்கிப் போனாள். மாடிப்படித் திருப்பத்தில் நின்று லோகநாதன் கேட்டார்.

"அக்கா, அல்லா மேல ஆணையா சொல்றேன். அவுரு ஒரு சொம்பு தண்ணியில ஒளு செஞ்சிடுவாரு" என்றாள் சைனம்பு. தொழுகைக்கு முன் கைகால் கழுவுவதற்கு அவர்கள் வீட்டில் அதுதான் பெயர். "வேணும்னா நீங்களே வந்து பாருங்க. எங்க தொழுகைய ஏன்க்கா இதுல இழுக்கறீங்க?"

"நான் ஒண்ணும் தப்பா சொல்லலம்மா. தண்ணி எங்க போவுதுன்னுதான் கேட்டேன்."

"எங்க போவுதுன்னு எங்களயே கேட்டா?"

சைனம்புவின் குரல் உடைந்தது. லோகநாதன் ஒரு படி இறங்கினார். இன்னும் ஒரு படி இறங்கியிருந்தால் அவர்கள் கண்ணில் பட்டிருப்பார். சொல்லவேண்டியது ஒரே வாக்கியம். ஆனால் அந்த வாக்கியத்தை இரண்டு பெண்கள் எதிரில் எந்த வார்த்தையில் தொடங்குவது? அவர் மேலே ஏறிப் போய்விட்டார்.

அதற்குப் பிறகு பஷீர் பள்ளிவாசலிலேயே கைகால் கழுவிக்கொண்டு வந்தார். சைனம்பு காலையில் இரண்டு குடம் பிடித்து வைத்துக்கொண்டு குழாயைத் தொடுவதில்லை. அப்படியும் டேங்க் காலியானது. லோகேஷ் பொறுமை இழந்தான். அடுத்த மாதம் வீட்டைக் காலி செய்துவிடுங்கள் என்று பஷீரிடம் வாசலில் நின்றே சொல்லிவிட்டான்.

அன்று கடையைச் சாத்திவிட்டு பஷீர் மேலே வந்தார். சட்டையில் பஞ்சு ஒட்டியிருந்தது. கூடத்து நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தார்.

"அண்ணே, தம்பி சின்னப்பையன். கோவத்துல சொல்லிட்டாரு. ஊடு உங்களுது, நீங்க சொல்லுங்க. பசங்கள இங்க பக்கத்துல இஸ்கூல்ல சேத்துட்டேன். நீங்க போன்னு சொன்னா போறேன்."

லோகநாதனுக்கு வாய்வரை வந்தது. கூடவே அடிவயிறும் முட்டியது. "பையன் பாத்துக்கறான் பாய்... நான் இன்னா பண்றது?" என்று முனகிவிட்டு எழுந்தார். குளியலறைக்குள் போய்த் தாழ் போட்டார். பஷீர் வெளியே உட்கார்ந்திருக்கிறார் என்பது தெரிந்தும் கை குழாயைத் திறந்தது. வெகுநேரம் கொட்டியது. கதவைத் திறந்து வெளியே வந்தபோது நாற்காலி காலியாக இருந்தது. இருக்கையில் ஒரு துளிப் பஞ்சு மட்டும் கிடந்தது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை கொரட்டூரில் தாட்சாயிணியின் அண்ணன் பேத்திக்குக் காதுகுத்து. மண்டபத்துக் கழிப்பறையை நினைத்தே லோகநாதன் தலைவலி என்று சொல்லித் தங்கிவிட்டார். கிளம்புவதற்கு முன் லோகேஷ் மொட்டை மாடிக்கு ஏறி இறங்கினான்.

"நைனா, கீழ் ஊட்டு லைன் வால்வ மூடிட்டேன். அவங்க ரெண்டு கொடம் புடிச்சி வெச்சிருப்பாங்கோ, சமாளிச்சிக்குவாங்க. சாயங்காலம் வந்து பாக்கறேன். டாங்கு ரொம்பி இருந்திச்சின்னா அவங்கதான். கையும் களவுமா புடிச்சாப்புல."

லோகநாதன் தலையாட்டினார். தன் வீட்டுக் குழாய் கொட்டத்தான் போகிறது, டேங்க் காலியாகத்தான் போகிறது, அப்போது எல்லோருக்கும் தெரிந்துவிடும் என்று உள்ளுக்குள் ஒரு கணக்கு ஓடியது. தெரிந்தால் தெரியட்டும் என்று ஒரு நிமிஷம் நிம்மதிகூட வந்தது. அடுத்த நிமிஷமே, இன்று முழுக்கக் குழாயைத் திறக்காமல் இருந்துவிடலாமா என்றும் யோசித்தார். அப்படி யோசித்ததை நினைத்து அவருக்கே கூசியது.

அவர்கள் போன பிறகு, இனி அடக்க முடியாது என்ற நிலையில் உள்ளே போனார். குழாயைத் திறந்தார். காற்று புஸ்ஸென்று வந்தது. ஒரு துளித் தண்ணீர் இல்லை.

சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். வீட்டில் யாருமே இல்லை, சத்தத்தை மறைக்க வேண்டிய அவசியமே இல்லை. ஆனாலும் அந்தக் கொட்டும் ஓசை இல்லாமல் உடம்பு இறுகிப்போய் நின்றது. முக்கினார். இருமிப் பார்த்தார். உட்கார்ந்து பார்த்தார். நூலும் வரவில்லை, சொட்டும் வரவில்லை. நெற்றியில் வேர்வை பூத்துக் கண்ணுக்குள் இறங்கியது. தொப்புளுக்குக் கீழே வயிறு பந்துபோல எழும்பி நின்றது. தொட்டால் உயிர் போனது.

தாட்சாயிணி போன் செய்தாள். "சாப்டீங்களா?"

"சாப்டேன்."

"குரல் இன்னா ஒரு மாரி கீது?"

"தூங்கினு இருந்தேன். நீ வை."

வைத்துவிட்டு, கட்டிலின் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு அழுதார். தண்ணீர்ச் சத்தம் கேட்டால் வந்துவிடும், ஒரு பக்கெட் தண்ணீர் கிடைத்தால் போதும் என்று தோன்றியது. மாடியில் பக்கெட்டும் குடமும் காலி. பிடித்துவைத்த தண்ணீர் கீழ் வீட்டில்தான் இருந்தது. மாடிப்படியில் ஒவ்வொரு படியாக உட்கார்ந்து உட்கார்ந்து இறங்கினார்.

கீழ் வீட்டுக் கதவு திறந்திருந்தது. சைனம்பு குழாயைச் சன்னமாகத் திறந்து ஒரு தட்டைக் கழுவிக்கொண்டிருந்தாள். குழாயில் தண்ணீர் வந்துகொண்டிருந்தது. லோகநாதனுக்கு விளங்கியது. லோகேஷ் வால்வை மாற்றி மூடிவிட்டுப் போயிருக்கிறான். மூடியது மாடி வீட்டு லைனை.

"சைனம்பு... ஒரு பக்கெட் தண்ணி..."

தண்ணீரை வீணாக்குகிறாள் என்று பழி சுமத்திய வீட்டின் தலைவர், தன் வாசலில் இரண்டாக மடிந்து நின்று தண்ணீர் கேட்கிறார். அவள் அவர் முகத்தைப் பார்த்தாள். உள்ளே திரும்பி, "ஏங்க, சீக்கிரம் வாங்க" என்றாள்.

பஷீர் ஒரு கையில் பக்கெட்டும் மறு கையில் அவர் தோளுமாக அவரை மேலே கொண்டுபோனார். குளியலறை வாசலில் லோகநாதன் தயங்கினார்.

"நீங்க போங்க பாய். நான் பாத்துக்கறேன்."

"உங்களால குனிய முடியாது அண்ணே. நீங்க நில்லுங்க. நான் அந்தப் பக்கம் திரும்பிக்கினு ஊத்தறேன்."

லோகநாதன் உறைந்துபோனார். தண்ணீர் எதற்கென்று அவர் சொல்லவே இல்லை.

பஷீர் முதுகைக் காட்டிக்கொண்டு, மக்கில் மொண்டு உயரத்திலிருந்து மெதுவாக ஊற்றினார். மறுபடி மொண்டார், மறுபடி ஊற்றினார். ஒரு குழந்தைக்குச் செய்வதுபோலச் செய்தார். பக்கெட் தீர்ந்தது. ஒன்றும் வரவில்லை. லோகநாதன் சுவரோடு சரிந்தார்.

ஆட்டோவில் ஒவ்வொரு பள்ளத்துக்கும் அவர் பல்லைக் கடித்தார். பஷீர் அவர் கையைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

"உனக்கு எப்டித் தெரியும் பாய்?"

"உங்க பாத்ரூம் பைப்பு எங்க அடுப்பாங்கரை செவுத்து வழியாத்தான் எறங்குது அண்ணே. கொட்டிக்கினே இருக்கும். என்னப் பெத்த அத்தாவுக்கும் கடைசியில இதே தொந்தரவுதான். அவுரும் இப்டித்தான் குழாய தொறந்து உட்டுக்குவாரு."

"தெரிஞ்சிகினே ஏன் சொல்லல?"

பஷீர் வெளியே பார்த்தார். "எப்டிண்ணே சொல்றது? உங்க சம்சாரம் கிட்டயும் புள்ள கிட்டயும் போயி, உங்க ஊட்டுக்காரரு பாத்ரூம்ல இன்னா பண்றாரு பாருங்கன்னா? அன்னிக்கு மேல வந்தனே, அப்ப நீங்களே சொல்லிடுவீங்கன்னு நெனச்சேன்."

லோகநாதன் கையை இழுத்துக்கொள்ளப் பார்த்தார். பஷீர் விடவில்லை.

ஆஸ்பத்திரியில் சின்னக் குழாய் விட்டுப் பார்த்தார்கள். உள்ளே போகவில்லை. தழும்பு வழியை அடைத்திருந்தது. கடைசியில் அடிவயிற்றை மரக்கவைத்து, அங்கே சிறு துளை போட்டு நேரே சிறுநீர்ப்பைக்குக் குழாய் இறக்கினார்கள். வலி வடிந்த வேகத்தில் லோகநாதனுக்குக் கண்ணீர் தானாக வழிந்தது.

"தழும்பு நான் வண்டி ஓட்டுனதாலயா டாக்டர்?"

"வண்டிக்கும் இதுக்கும் சம்பந்தம் இல்ல பெரியவரே. கருவி போன வழி ஆறும்போது சில பேருக்கு இப்படிச் சுருங்கும். வழியை மறுபடி விரிச்சு விடலாம். திரும்பச் சுருங்காம இருக்க, கொஞ்ச நாள் நீங்களே மெல்லிசு குழாய் விட்டுக்கக் கத்துக்கணும். ஓட்டம் குறைஞ்சப்பவே வந்திருக்கலாமே, ஏன் வரல?"

லோகநாதன் கட்டில் ஓரத்தில் தொங்கிய பையைப் பார்த்தார். டாக்டர் போனதும் பஷீரிடம் துண்டைக் கேட்டு வாங்கிப் பையை மூடினார்.

பஷீர் போனில் சொல்லி, தாட்சாயிணியும் லோகேஷும் சாயங்காலம் ஓடி வந்தார்கள். ஆபரேஷன் காகிதங்களை எடுக்க வழியில் வீட்டுக்குப் போய்விட்டு வந்திருந்தார்கள். தாட்சாயிணி அவர் நெற்றியைத் தொட்டுப் பார்த்து, புடவை முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். லோகேஷ் டாக்டரிடம் பேசிவிட்டுத் திரும்பினான். பயம் தெளிந்ததும் அவனுக்கு மற்றது ஞாபகம் வந்தது. பஷீர் நிற்பதைப் பார்த்துக் குரலைத் தாழ்த்தினான். தாழ்த்தியும் எல்லோருக்கும் கேட்டது.

"நைனா, ஊட்டுக்கு போயி பாத்தேன். வால்வு மூடுனேன் இல்ல? டாங்கு ரொம்பி நிக்குது. அப்டியே கீது."

தாட்சாயிணி பஷீரை ஒருமுறை பார்த்துவிட்டுக் கண்ணைத் துடைத்தாள். கணவனைத் தூக்கிக்கொண்டு வந்த மனிதனை என்ன சொல்வதென்று தெரியாத முகம். ஆனால் அந்த முகத்தில், நான் அப்போதே சொன்னேனே என்பதும் இருந்தது. பஷீர் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். இப்போதும் அவர் வாயைத் திறக்கப்போவதில்லை என்று லோகநாதனுக்குத் தெரிந்தது. தான் சும்மா இருந்தால் போதும், இது இப்படியே முடிந்துவிடும். அந்தக் குடும்பம் சாமான்களை வண்டியில் ஏற்றிக்கொண்டு போகும்.

"நீ மூடுனது நம்ம லைன்டா" என்றார்.

"இன்னா?"

"கீழ தண்ணி வந்துகினுதான் இருந்திச்சி. நமக்குத்தான் வரல. டாங்கு ரொம்பி கீதுன்னா, அவங்க தண்ணிய கொட்டலன்னு அர்த்தம்." அவருக்கு மூச்சு வாங்கியது. "தண்ணிய கொட்டுனது நான். எனக்கு மூத்திரம் வரல. பொங்கல்லேர்ந்து வரல. சத்தம் கேட்டாத்தான் கொஞ்சம் வரும். நீங்க யாரும் கேக்கக் கூடாதுன்னுதான் குழாய தொறந்து தொறந்து உட்டேன்."

பக்கத்துப் படுக்கைக்காரர்கூடத் திரும்பிப் பார்த்தார். தாட்சாயிணி முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டாள். துண்டு இந்த முறையும் நழுவிக் கீழே விழுந்தது. லோகேஷ் குனிந்து எடுக்கப் போனான்.

"உடு. இருக்கட்டும்" என்றார் லோகநாதன். சொன்னாரே தவிர, அவர் கண்ணும் மின்விசிறிக்குத்தான் போனது.

இருட்டிய பிறகு, "மன்னிச்சிடு பாய்" என்றார்.

பஷீர் நிமிர்ந்து அவரைப் பார்த்தார். "எனக்கு ஒண்ணும் இல்லண்ணே. தொழுவறதுல தண்ணி தீருதுன்னு கேட்டு அழுதவ சைனம்புதான். அவகிட்ட சொல்லுங்க" என்று சொல்லிவிட்டு, கடைசி பஸ் போய்விடும் என்று கிளம்பினார்.

வீட்டுக்கு அனுப்பிய அன்று, பையைக் காலோடு கட்டி வேட்டிக்குள் மறைத்துக்கொள்ளலாம் என்று நர்ஸ் காட்டிக் கொடுத்தாள். லோகநாதன் அப்படியே கட்டிக்கொண்டார். ஆட்டோவை விட்டு இறங்கியதும் மாடிப்படிக்குப் போகாமல் கீழ் வீட்டு வாசலில் நின்றார். லோகேஷ் பின்னால் மருந்துப் பையோடு நின்றான். தாட்சாயிணி, யாரும் பார்ப்பதற்குள் ஏறிவிட நினைத்தவள்போல, நாலு படி ஏறிவிட்டிருந்தாள்.

சைனம்பு வந்து நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவளுக்குப் பின்னால் கூடத்தில் பாதி கட்டிய மூட்டைகள் தெரிந்தன.

"தண்ணிய தீத்தது நான்தாம்மா. உங்க மேல பழி உழுந்தப்ப கேட்டுகினு சும்மா இருந்தேன். நீங்க எங்கயும் போவக் கூடாது."

"தெரியும். அவுரு சொன்னாரு." அவள் குரலில் கோபமும் இல்லை, இளக்கமும் இல்லை. "நீங்க வாயத் தொறந்து சொல்லிட்டீங்க. பழி சொன்னது அக்கா. அக்கா வந்து பேசட்டும். அப்பறம் மூட்டையப் பிரிக்கறதப் பத்திப் பாக்கலாம்."

உள்ளே போனாள். அவ்வளவுதான் என்று நினைத்து அவர் திரும்பும்போது ஒரு சொம்புத் தண்ணீரோடு வந்தாள். "நெறைய தண்ணி குடிக்கணும்னு டாக்டர் சொன்னாராமே."

இத்தனை மாதம் தண்ணீரைக் கண்டாலே பயந்தவர் சொம்பை வாங்கி நிமிர்த்திக் குடித்தார். கீழே வைக்காமல் முழுவதும் குடித்தார். பை கொஞ்ச நேரத்தில் கனக்கத் தொடங்கும், வேட்டிக்கு மேல் தெரியும். தெரியத்தான் செய்யும்.

சொம்பைத் திருப்பிக் கொடுத்துவிட்டு மாடிப்படியைப் பார்த்தார். தாட்சாயிணி கைப்பிடிச் சுவரைப் பற்றிக்கொண்டு, ஏறவும் இல்லாமல் இறங்கவும் இல்லாமல் நின்றாள். சைனம்புவின் குரல் உடைந்த அன்று அவரும் இதே மாடிப்படியில் அப்படித்தான் நின்றார்.

"எறங்கி வா தாட்சாயிணி" என்றார். "நானும் கூட நிக்கறேன்."